ஜலந்தரில் மூன்று பிள்ளைகள், யாழ்ப்பாணத்தில் மூன்று வீடுகள்: 2025 மே நாட்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில், பஞ்சாபில் படித்துக்கொண்டிருந்த மூன்று யாழ்ப்பாணப் பிள்ளைகளைத் திருப்பிக் கூப்பிடுவதா, அங்கேயே இருக்கச் சொல்வதா என்று முடிவெடுக்க வேண்டி வந்தது. முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன். பெயர்களை விட்டுவிட்டேன், ஊர்களை மாற்றிவிட்டேன், மூன்று வீட்டுக்காரரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க விட்டிருக்கிற யாருக்காவது இது உதவும்.

பின்னணி

நான் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று பேரும் என்னிடம் படித்தவர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டார்கள், இங்கே பொறியியல் கிடைக்கவில்லை. ஜலந்தர் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை இருந்தது. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் நான்தான், அதனால் சண்டை தொடங்கியதும் எல்லாருடைய தொலைபேசி அழைப்பும் எனக்கே வந்தது. வந்ததும் நியாயம்தான்.

கொக்குவில் பிள்ளை மூன்றாம் ஆண்டு. சாவகச்சேரிப் பிள்ளையும் நெல்லியடிப் பெடியனும் முதலாம் ஆண்டு. ஜலந்தரிலிருந்து பாகிஸ்தானோடு உள்ள வாகா எல்லைக்குத் தரைவழியாக 100 கிலோமீட்டரைவிடச் சற்றுக் கூட இருக்கும். பக்கத்திலேயே ஆதம்பூரில் இந்திய விமானப்படைத் தளம் இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பும்போது இந்த இரண்டில் ஒன்றையாவது நான் யோசித்துப் பார்த்தேனா என்றால் இல்லை. கட்டணம், விடுதி, பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா, சாப்பாடு எப்படி என்பதைத்தான் பார்த்தேன்.

இன்னொரு பின்னணியையும் சொல்ல வேண்டும். இந்தப் பெற்றோர் எல்லோரும் போருக்குள் வளர்ந்தவர்கள். கொக்குவில் தாய்க்கு 1995 ஒக்டோபர் 30 அன்று 17 வயது. இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாண நகரைச் சூழ்ந்த வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, மழைக்குள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். தகப்பன் 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகள் போட்டதை முற்றத்தில் நின்று பார்த்தவர், அதே ஆண்டு ஒக்டோபரில் இந்திய இராணுவம் செல் அடித்தபோது கோயிலில் படுத்திருந்தவர். போர் என்றால் என்ன என்று இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பின்னால் வந்த நல்லதும் பிழையும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வந்தன.

ஏப்ரல் 22 முதல் மே 6 வரை

ஏப்ரல் 22இல் காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாளே இந்தியா 1960ஆம் ஆண்டின் சிந்து நதி நீர் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது, அட்டாரி எல்லைச் சோதனைச் சாவடியை மூடியது. பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடியது. பிள்ளைகளோடு கதைத்தால், வகுப்பு நடக்கிறது, பரீட்சை வருகிறது, வெயில் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். நானும் பெற்றோரிடம் அதையே சொன்னேன். 2016இல் உரித் தாக்குதலுக்குப் பிறகும் 2019இல் புல்வாமா, பாலகோட் தாக்குதல்களுக்குப் பிறகும் ஓரிரு நாளில் அடங்கியது, இதுவும் அடங்கும் என்று நினைத்தேன்.

மே 3 அன்று சென்னையிலிருந்து கொழும்புக்கு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கிய விமானம் ஒன்றை, பஹல்காம் சந்தேகநபர் அதில் இருக்கலாம் என்று வந்த தகவலை வைத்துச் சோதனை போட்டார்கள். ஒருவரும் அகப்படவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் இந்த விஷயம் நம் வீடுகளுக்குள் வந்தது. கொக்குவில் தாய் அன்று பின்னேரம் எடுத்தார். "சேர், இது எங்கட பக்கமும் வந்திட்டுது, பிள்ளையைக் கூப்பிடட்டோ?" பரீட்சை முடியட்டும் அம்மா என்றேன்.

அந்தப் பதிலில்தான் முதல் பிழை. கூப்பிடாதது பிழையென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. கடவுச்சீட்டு கையில் இருக்கிறதா, கொஞ்சக் காசு எடுத்து வைத்திருக்கிறாளா, அவசரமென்றால் எந்த வழியால் வருவாள் என்று அன்றைக்குக் கேட்டிருக்கலாம். மூன்றே கேள்விதான். கேட்காமல் விட்டதால் அதற்கு ஆறாம் நாள் பதறினோம்.

மே 7

மே 6 இங்கே உள்ளூராட்சித் தேர்தல். முடிவுகளுக்காக அன்று இரவு பாதி யாழ்ப்பாணம் விழித்திருந்தது. அதிகாலை ஒரு மணி தாண்டி, எந்தச் சபை யாருக்கு என்று பார்த்துக்கொண்டிருந்த அதே கைபேசியில் இந்தியா தாக்குதல் தொடங்கிவிட்டதென்ற செய்தி வந்தது. ஒன்பது இடங்கள். பஹாவல்பூர், முரித்கே என்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்துக்குள்ளேயே அடித்திருந்தார்கள், 1971 போருக்குப் பிறகு அந்த அளவு ஆழத்தில் அடித்ததில்லை. 2016, 2019 கணக்கை வைத்து நான் சொன்ன ஆறுதல் அந்த நிமிடத்தோடு செல்லாமல் போனது.

அதே நாள் இந்தியா முழுவதும் 244 மாவட்டங்களில் சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடத்துவதாக முன்னமே அறிவித்திருந்தார்கள். இந்த இரண்டும் ஒரே நாளில் வந்ததில் பெரிய குழப்பம். விடுதியில் ஒத்திகைச் சைரன் ஒலித்ததைச் சாவகச்சேரிப் பிள்ளை ஒளிப்பதிவு செய்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள், தாய் அதை உண்மைச் சைரன் என்று நினைத்து அழுதுகொண்டு வீதிக்கு ஓடியிருக்கிறார். சைரனில் எது ஒத்திகை, எது உண்மை என்று ஒலியை வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளை ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அமிர்தசரஸ், சண்டிகர் உட்பட வடக்கு, மேற்கு விமான நிலையங்கள் மூடப்பட்டன, கடைசியில் எண்ணிக்கை 32 வரை போனது. ஆகவே ஆகாய வழி முடிந்தது. அன்றைக்கே காஷ்மீர் எல்லையோரத்துப் பூஞ்ச் பகுதியில் செல் விழுந்து பொதுமக்கள் செத்தார்கள், குழந்தைகளும் செத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் செத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு ஏறிப் போக ஒரு பஸ்ஸாவது இருந்தது. எல்லையோரக் கிராமத்துச் சனத்துக்கு மாட்டையும் விட்டுவிட்டு எங்கே ஓடுவது என்ற கேள்வி. அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவில் வந்தது அந்தச் சனம்தான்.

மே 8 இரவு

மே 8 இரவு பிள்ளைகள் விடுதியில் கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தர்மசாலாவில் பஞ்சாப், டெல்லி அணிகளின் ஐபிஎல் ஆட்டம். பாதியில் மைதான விளக்குகள் அணைந்தன, சனத்தை வெளியேற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் இவர்களுடைய விடுதியிலும் மின்சாரம் போனது. ஒத்திகை என்று யாரும் சொல்லவில்லை.

கொக்குவில் பிள்ளை வீட்டுக்கு எடுத்தாள். இந்த அழைப்பைத் தாய் எனக்குப் பிறகு விரிவாகச் சொன்னார், இதை அப்படியே பதிகிறேன். தாய் முதலில் கேட்டது, "யன்னலுக்கு எவ்வளவு தூரத்தில இருக்கிறாய்?" பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டிலை யன்னல் பக்கமிருந்து இழு. போர்வையை யன்னலில் கட்டு, ஆணி இல்லாவிட்டால் அலுமாரியைத் தள்ளி அதற்குள் போர்வையை நெரித்துவிடு. வாளியில் தண்ணீர் பிடி. செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வை, கண்ணாடி உடைந்தால் வெறுங்காலோடு நடக்க முடியாது. கடவுச்சீட்டு, அடையாள அட்டை, காசு மூன்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு உடம்போடு கட்டு. சத்தம் கேட்டால் வெளியே வந்து அண்ணாந்து பார்க்காதே.

போர்க்காலத்தில் மின்சாரமில்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு இதெல்லாம் நுனி நாக்கில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் மிகப் பெரிய உதவி. ட்ரோனை வானத்தில் வைத்துச் சுட்டு விழுத்தும்போது சிதறல் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த விடுதியில் நிறையப் பிள்ளைகள் மொட்டைமாடிக்கு ஏறி ஒளிப்பதிவு செய்தார்கள். இவள் போகவில்லை, பக்கத்து அறைக்காரிகளையும் மறித்து வைத்தாள்.

ஆனால் அதே அழைப்பில் தாய் இன்னொன்றும் சொன்னார். "சனம் வெளிக்கிட்டால் நீயும் வெளிக்கிடு, யோசிக்காதை." 1995இல் அது சரி. ஏறத்தாழ 5 இலட்சம் சனம் ஒன்றாக நகர்ந்தபோது தனியே பின்தங்கியவர்களுக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜலந்தர் அப்படியில்லை. அதைத் தாய்க்கு விளங்கவைக்க எனக்கு ஒரு முழு இரவு போனது.

பெடியன் அந்த வார்த்தையின்படியே நடந்துவிட்டான். இந்தத் தாய் சொல்லி இல்லை, அவனுடைய பெரியப்பா அதையேதான் சொல்லியிருக்கிறார். விடுதியில் சிலர் பையைத் தூக்கியதைக் கண்டதும் யாரிடமும் சொல்லாமல் அவர்களோடு வெளிக்கிட்டு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டான். நகரம் முழுக்க இருள். கூட வந்தவர்கள் கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள். கைபேசியில் சார்ஜ் இல்லை. விடியும் வரை அவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் ஒரு வீடியோ வந்தது. ஜலந்தரில் ட்ரோன் தாக்குதல் என்று தலைப்புப் போட்டு, இருட்டில் ஒரு பெரிய நெருப்பு. லண்டனில் இருக்கிற உறவினர் ஒருவர் வட்ஸ்அப் குழுவில் போட்டார், பதினைந்து நிமிடத்தில் அது மூன்று வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பெடியனின் தாய் அதைப் பார்த்துவிட்டு மயங்கி விழுந்தார், இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அந்த நெருப்பு வயலில் பற்றிய தீ என்று மாவட்ட நிர்வாகமும் இந்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவும் பிறகு சொல்லின. கராச்சித் துறைமுகம் எரிகிறது என்று வந்ததும் அந்த இரவுதான், அதுவும் பொய். அனுப்பிய உறவினர் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. அக்கறையில்தான் அனுப்பினார். அந்த இரவு நமக்கு வந்த பொய்ச் செய்தி எல்லாமே அக்கறையுள்ளவர்களிடமிருந்துதான் வந்தது.

மே 9 காலை: முடிவு

காலை ஐந்தரைக்குப் பெடியனின் அழைப்பு வந்தது. நிலையத்துக்கு வெளியே ஒரு தேநீர்க் கடைக்காரர் சார்ஜ் போடக் கொடுத்திருக்கிறார். டெல்லி ரயில் ஒன்றில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறப் போவதாகச் சொன்னான். ஏறு, ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சொல்லாவது அனுப்பு என்றேன்.

ஆறு மணிக்கு மூன்று வீட்டுக்காரரும் கொக்குவில் வீட்டு விறாந்தையில் கூடினோம். ஆளுக்கு ஒரு நிலைப்பாடு. கொக்குவில் தாய், இப்பவே வெளிக்கிட வேண்டும். தகப்பன் அதற்கு எதிர்: "ஓடுற சனம்தான் செத்தது, இருந்த இடத்தில பங்கருக்குள்ள இருந்தவன் தப்பினவன்." சாவகச்சேரித் தகப்பன் முதல்நாளே முகவர் மூலம் டெல்லியிலிருந்து கொழும்புக்கு விமானச் சீட்டு ஒன்று எடுத்துவிட்டார். மனைவியின் இரண்டு பவுண் சங்கிலியை அடகு வைத்த காசு. ஆனால் பிள்ளையின் கடவுச்சீட்டு அவள் கையில் இல்லை. வதிவிட அனுமதி நீடிப்புக்கென்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கொடுத்திருந்தாள், அலுவலகம் மே 8 பின்னேரம் பூட்டியாகிவிட்டது. சீட்டு இருக்கிறது, கடவுச்சீட்டு இல்லை.

அப்போதுதான் நான் ஒன்று கேட்டேன், அதை நான் முதல்நாளே கேட்டிருக்க வேண்டும். கொக்குவில் பிள்ளையை ஸ்பீக்கரில் போட்டு, "பிள்ளை, இண்டைக்குக் காலமை பால் வந்ததோ?" வந்தது என்றாள். விடுதிக் குசினிக்கு ஆட்கள் வந்திருக்கினமோ? வந்திருக்கிறார்கள், பராட்டா போட்டார்கள். வாசலுக்கு எதிரே கடை? திறந்திருக்கிறது. அங்கத்தைய ஊர்ச் சனம் வெளிக்கிடுகிறதோ? இல்லை சேர், வெளிமாநிலப் பிள்ளைகள்தான் போகிறார்கள், ஊர்க்காரர் இருக்கிறார்கள்.

விறாந்தையில் ஒரு நிமிடம் ஒருவரும் கதைக்கவில்லை. 95இல் பால் வரவில்லை. இந்தத் தாய்க்கு அது உடனே விளங்கியது, "அப்ப இது எங்கட மாதிரி இல்லை" என்றார். அவருடைய பதற்றம் போகவில்லை, ஆனால் இரவோடு இரவாக ஓடு என்ற பேச்சு அதோடு நின்றது.

கடைசியில் முடிவு இப்படி வந்தது. போக வேண்டும், ஆனால் ஓடக்கூடாது. வகுப்புகளை நிறுத்திப் பரீட்சைகளைத் தள்ளிவைத்து விட்டதாகக் காலையில் அறிவித்தல் வந்துவிட்டது, ஆகவே அங்கே இருப்பதற்குப் படிப்புக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. தென்மாநிலப் பிள்ளைகள் நாற்பது பேர் சேர்ந்து டெல்லிக்கு ஒரு பஸ் பிடித்திருந்தார்கள், பகல் பதினொன்றுக்கு வெளிக்கிடுகிறது. பகல் பயணம், கூட்டமாகப் பயணம், எல்லையிலிருந்து விலகிப் போகிற பாதை. அடுத்த இரவு எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே நிபந்தனை வைத்தோம்: சாவகச்சேரிப் பிள்ளையின் கடவுச்சீட்டு பத்தரைக்குள் கிடைக்காவிட்டால் இரண்டு பேருமே போவதில்லை. ஒருத்தியைத் தனியே விட்டு மற்றவள் ஏறக்கூடாது. இதைப் பிள்ளைகளிடமும் கேட்டோம், இருவரும் சம்மதித்தார்கள். அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்டோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அலுவலகம் ஒன்பதே முக்காலுக்குத் திறந்தது. நீண்ட வரிசை. பத்து இருபதுக்குக் கடவுச்சீட்டின் படத்தை அனுப்பினாள்.

அன்றைக்கே இன்னொரு செய்தி. முதல்நாள் தர்மசாலாவில் மாட்டிய கிரிக்கெட் வீரர்களைத் தரைவழியாக ஜலந்தருக்குக் கொண்டு வந்து, சிறப்பு வந்தே பாரத் ரயிலில் டெல்லிக்கு அனுப்பினார்கள். "பெரிய ஆட்களே ஜலந்தர் பாதையாலதான் போயினம்" என்று பங்கர்த் தகப்பனும் சமாதானமாகிவிட்டார். அது ஒரு காரணமே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் நான் மறுத்துச் சொல்லவில்லை.

டெல்லி

இரவு ஒன்பதரைக்கு பஸ் டெல்லி போய்ச் சேர்ந்தது. பெடியன் பின்னேரமே வந்து நிலையத்தில் இருந்தான். மூன்று பேரும் ஒரு விடுதியில் தங்கினார்கள். தமிழ்நாடு அரசு தன் மாணவர்களை டெல்லியில் சேர்த்துச் சென்னைக்கு அழைத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் வேற்று நாட்டுக் கடவுச்சீட்டுக்காரர், அந்தப் பட்டியலில் இடமில்லை. அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் பத்து மணித்தியாலம் ஒன்றாகப் பாட்டுப் பாடி வந்தவர்கள் வேறு வரிசையில் போய் நின்றது அவர்களுக்குச் சுட்டது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் தகப்பன்தான் சென்னை ரயிலுக்குத் தட்கலில், அதாவது அவசர முன்பதிவில், மூன்று இடம் எடுத்துக் கொடுத்தார்.

அந்த இரவும் மே 10 அதிகாலையும்தான் மோதல் உச்சத்துக்குப் போனது. இரண்டு பக்கமும் விமானத் தளங்களை இலக்கு வைத்தார்கள். ஆதம்பூர்த் தளத்தில் இருந்த எஸ்-400 வான் பாதுகாப்பு அமைப்பை அழித்துவிட்டோம் என்று பாகிஸ்தான் தரப்பு சொன்னது, அது யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும்போது "ஆதம்பூரே இல்லை" என்றாகிவிட்டது. கொக்குவில் தாய் கையெடுத்துக் கும்பிட்டார், ஒரு நாள் முந்தி எடுத்தோமே என்று. நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

மே 10 பின்னேரம் ஐந்து மணியிலிருந்து சண்டை நிறுத்தம். பிள்ளைகள் ரயில் நிலையத்துக்குப் போக ஓட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். உடனே இரண்டாவது கேள்வி எழும்பியது: திரும்பிப் போவதா? பெடியனுக்குத் திரும்ப விருப்பம். அன்று இரவே மீறல்கள் பற்றிய செய்தியும் ஸ்ரீநகரில் வெடிச் சத்தம் என்பதும் வந்தன. சண்டை நிறுத்தம் என்ற சொல்லை எங்கள் ஊர்ச் சனம் எவ்வளவு தடவை கேட்டிருக்கிறது. வீட்டுக்கே வாருங்கள் என்று மூன்று வீடும் சொன்னது. இந்த முறை அரை நிமிடம்கூட வாதம் இல்லை.

வீடு

மே 12 காலை சென்னை. அன்றைக்கே மூடியிருந்த 32 விமான நிலையங்களையும் திறப்பதாக அறிவித்தார்கள். மே 13 சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம். கொழும்பு விமானச் சீட்டுக் காசு திரும்பி வரவில்லை, சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

அன்று பின்னேரம் கொக்குவில் வீட்டில் பிள்ளை சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், தொலைக்காட்சியில் செய்தி. இந்தியப் பிரதமர் ஆதம்பூர்த் தளத்தில் வீரர்கள் மத்தியில் பேசுகிறார், அவருக்குப் பின்னால் எஸ்-400 நிற்கிறது. பிள்ளை அதைக் காட்டி, "அம்மா, இதுதான் எங்கட பக்கத்துத் தளம்" என்றாள். தாய் என்னைப் பார்த்தார். நாங்கள் எடுத்த முடிவு சரி என்று மூன்று நாளாக எதை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டோமோ அது அப்படி நடக்கவில்லை.

முடிவு சரி என்றே இன்னும் நினைக்கிறேன். மே 9 காலை கையில் இருந்த தகவலை வைத்து மறுபடி கேட்டாலும் அதே பஸ்ஸில்தான் ஏற்றுவேன். ஆனால் அதற்குக் காரணம் ஆதம்பூர் வதந்தி இல்லை. வகுப்பு இல்லை, பகல், கூட்டம், கடவுச்சீட்டு கையில், இவைதான் காரணங்கள். இதைப் பிரித்து எழுதாவிட்டால் அடுத்த முறை வதந்தியை நம்பித்தான் முடிவெடுப்போம்.

அதற்குப் பிறகு

ஜூனில் பரீட்சைக்குப் புதுத் திகதி வந்தது. பெடியன் முதல் ஆளாகத் திரும்பினான். கொக்குவில் பிள்ளை ஜூலையில் போனாள். சாவகச்சேரித் தகப்பன் விடமாட்டேன் என்று நின்றார், இரண்டு மாதம் இழுபட்டு ஓகஸ்டில் விட்டார். அதற்குள் அவள் ஒரு பாடத்தைத் தவறவிட்டாள்.

பெடியனின் தாய்க்கு இரத்த அழுத்தத்துக்கு இப்போது தினமும் மாத்திரை. முதலே இருந்திருக்கலாம், அந்த இரவுதான் தெரியவந்தது என்கிறார் வைத்தியர். பெடியனுக்கு அது பெரிய குற்ற உணர்வு. அவன் உண்மையில் பெண் பிள்ளைகளுக்கு முந்தி டெல்லி போய்ச் சேர்ந்தான், ஒரு கீறலும் இல்லை, ஒரு பைதான் தொலைந்தது. பயணத்தை மட்டும் பார்த்தால் அவன் தோற்கவில்லை. சொல்லாமல் போனதும் சார்ஜ் இல்லாமல் போனதும்தான் பிழை.

கொக்குவில் தாய் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. மின்சாரம் போனால் எழும்பி யன்னலடிக்குப் போய்விடுவார். 30 வருடத்துக்கு முந்தியது இப்போது வருகிறது என்றார். மே 12இலிருந்து 18 வரை முள்ளிவாய்க்கால் நினைவு வாரமும் சேர்ந்து வந்தது, அந்த நாட்களில் அவர் கதைத்ததெல்லாம் பஞ்சாபைப் பற்றியா வன்னியைப் பற்றியா என்று பிரிக்க முடியவில்லை. பிள்ளைகளை எப்படிக் கொண்டு வருவது என்று நாலு நாள் கணக்குப் போட்ட நாங்கள், இங்கே இருக்கிற தாய்மாருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கவேயில்லை. இந்த ஆய்வில் என்னை ஆகக் கூடுதலாக வருத்துகிற இடம் இது.

இனி மாற்றுவது

கடவுச்சீட்டை எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு வாங்கி, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு, அதன் படத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பதற்றம் கூடுகிற நேரமென்றால் நீடிப்பு விண்ணப்பத்தைவிடக் கடவுச்சீட்டு கையில் இருப்பது முக்கியமா என்று அலுவலகத்திடமே கேட்கலாம். நாங்கள் கேட்கவேயில்லை.

வீட்டுக்கு ஒருவர்தான் பிள்ளையோடு கதைப்பது, காலை ஆறு, மாலை ஆறு. மே 8 இரவு கொக்குவில் பிள்ளைக்கு 31 அழைப்புகள் போயிருக்கின்றன. லண்டன், கனடா, கொழும்பு எல்லாம் சேர்த்து. அவளுடைய சார்ஜையும் நாங்கள்தான் தின்றோம். வீடியோ எதையும் குழுவில் போடுவதில்லை, மாவட்ட நிர்வாகமும் பல்கலைக்கழகமும் விடுகிற அறிவித்தல் மட்டும். பிள்ளை ஏதாவது அனுப்பினால் ஒத்திகையா உண்மையா என்று முதல் வரியில் எழுத வேண்டும்.

எப்போது வெளிக்கிடுவது என்பதை அமைதியாக இருக்கும்போதே எழுதி வைத்துவிட்டோம். வகுப்பு நின்றால், அல்லது ஊர்ச் சனமே வெளிக்கிட்டால், அல்லது பால், கடை, குசினி மூன்றில் இரண்டு நின்றால், அன்று பகலில், குறைந்தது நாலு பேராக. இரவில் இல்லை. இதை எழுதியது கொக்குவில் பிள்ளை, நாங்கள் கையெழுத்துத்தான் போட்டோம்.

விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு இப்போது வரைபடம் ஒன்றை முதலில் விரிக்கிறேன். எல்லை எங்கே, படைத்தளம் எங்கே, கடலுக்கோ தலைநகருக்கோ எந்தப் பாதை, எத்தனை மணித்தியாலம் என்று அவர்களையே பார்க்கச் சொல்கிறேன். போகாதே என்று சொல்வதில்லை. இந்த வருடம் பஞ்சாபுக்கு இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். அதில் ஒருவன் நெல்லியடிப் பெடியனின் தம்பி, தாய் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.